ருசி மட்டும் பார்க்கும் வாய்

முதுகலை படித்தபோது எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் கேட்பதற்குச் சப்பென்று இருந்தது. ஈஸ்டைப் பட்டினி போட வேண்டும், எத்தனை நாள் தாங்குகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். இரண்டு குடுவைகள். ஒன்றில் எல்லாச் சத்தும் இருக்கும், பாஸ்பேட் மட்டும் இருக்காது. இன்னொன்றில் பாஸ்பேட் உட்பட எல்லாம் இருக்கும், லூசின் என்ற அமினோ அமிலம் மட்டும் இருக்காது. இரண்டிலும் ஒரே ஈஸ்ட், இரண்டிலும் தாராளமாகக் குளுக்கோஸ். 30 டிகிரியில் ஷேக்கரில் ஆடவிட்டு, தினமும் ஒரு சொட்டு எடுத்து, நீர்த்து, பிளேட்டில் பரப்பிவிட்டு வருவேன். உயிரோடிருக்கும் ஒவ்வொரு செல்லும் இரண்டு நாளில் ஒரு வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் ஆராய்ச்சி.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பாஸ்பேட் இல்லாத குடுவையிலிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் முளைத்திருந்தன. லூசின் இல்லாத குடுவையின் பிளேட்டில் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். செல்களைச் சரியாகக் கழுவவில்லையோ, குடுவையில் வேறு ஏதாவது கிருமி புகுந்துவிட்டதோ என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே கதை. மூன்றாம் முறையும் அப்படியே வந்தபோது, லேபில் எனக்கு மூத்தவரான அக்காவிடம் போய் நின்றேன். பிளேட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீ தப்பு ஒண்ணும் பண்ணல. பாஸ்பேட் இல்லேன்னா நிறுத்தணும்னு அதுக்குத் தெரியும். லூசின் இல்லேன்னா நிறுத்தணும்னு தெரியல. அவ்ளோதான்.”

பசியில் இருப்பதும், பசியில் இருக்கிறோம் என்று தெரிவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

ஒரு ஈஸ்ட் செல் சுமார் 5 மைக்ரான் குறுக்களவு. நல்ல சத்தில் விட்டால் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை மொட்டு விட்டு இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 16 முறை. ஒன்று 65,536 ஆகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமில்லை. வேகமாக வளரும் ஒரு செல்லில் கிட்டத்தட்ட 2 லட்சம் ரைபோசோம்கள் இருக்கின்றன. புரதம் செய்யும் எந்திரங்கள் அவை. செல் இரண்டாகப் பிரியும்போது அவையும் பங்காகிவிடும் என்பதால், நிமிடத்துக்கு 2,000 என்ற கணக்கில் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 79 புரதங்களும் 4 ஆர்என்ஏக்களும் சேர்ந்த சிக்கலான கட்டுமானம். வளரும் செல்லில் நடக்கும் ஆர்என்ஏ படியெடுப்பில் சுமார் 60 சதவீதம் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கே போய்விடுகிறது. வளர்வது என்றால் பெரும்பாலும் ரைபோசோம் கட்டுவதுதான் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

இவ்வளவு செலவு பிடிக்கும் வேலையை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது? சரக்கு தீர்ந்தபின் நிறுத்தலாம் என்றிருந்தால் பாதி மொட்டோடு, காலிக் கிடங்கோடு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஈஸ்ட் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு நிற்பதில்லை. ருசி பார்ப்பதற்கென்றே தனியாக ஆள் வைத்திருக்கிறது.

குளுக்கோஸில் இதைப் பார்க்கலாம். செல்லின் சவ்வில் குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, பதினேழு பதினெட்டு வகை. சில கதவுகள் வெளியே சர்க்கரை கொட்டிக் கிடக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். சில, துளியூண்டு இருந்தாலும் இழுத்துப் போட்டுவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் பல பத்து மடங்கு வித்தியாசம். எந்த நேரத்தில் எந்தக் கதவை மாட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

அதே சவ்வில், அதே கதவுகளின் சாயலில் இன்னும் இரண்டு புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெயர்கள் ஸ்னிஃப்3, ஆர்ஜிடி2. பார்க்க அச்சு அசல் கதவு மாதிரியே இருக்கும். சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவி நிற்கும் அதே அமைப்பு. ஆனால் இவை குளுக்கோஸை உள்ளே விடுவதில்லை. இவற்றுக்கு ஒரு நீண்ட வால் உண்டு, 200 அமினோ அமிலங்களுக்கும் மேல். அது செல்லுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே குளுக்கோஸ் வந்து ஒட்டினால் உள்ளே செய்தி போகும். கொஞ்சமாக இருந்தாலும் ஸ்னிஃப்3 உணர்ந்துவிடும். நிறைய இருந்தால்தான் ஆர்ஜிடி2 அசையும். வாய் இருக்கிறது, ருசி தெரிகிறது, விழுங்குவது மட்டும் கிடையாது.

(ஸ்னிஃப் என்பது ஆங்கிலத்தில் மோப்பம் பிடிப்பதற்கான சொல் போலவே ஒலிக்கிறது. உண்மையில் அது சுக்ரோஸை நொதிக்க முடியாத ஈஸ்ட் வகைகளுக்கு வைத்த பெயரின் மூன்றெழுத்துச் சுருக்கம், லேபில் வாய்க்கு வந்தபடி அப்படி உச்சரிக்கிறார்கள். ஈஸ்ட் மரபணுப் பெயர்களில் தற்செயலாகப் பொருந்திப்போன அபூர்வமான பெயர்களில் இது ஒன்று என்று எனக்கு ஒரு எண்ணம். பெரும்பாலும் மற்றவை மனப்பாடம் செய்தே தீர வேண்டிய தலைவலி.)

இவை வெறும் பழுதான கதவுகள் அல்ல, உண்மையிலேயே உணர்விகள்தான் என்பதற்கு ஆதாரம் என்ன? 1996இல் மார்க் ஜான்ஸ்டனின் குழு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அதைக் காட்டியது. இந்தப் புரதத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் போதும். வெளியே ஒரு துளி குளுக்கோஸ் இல்லாதபோதும், இருக்கிறது என்று உள்ளே செய்தி போய்க்கொண்டே இருக்கும். செல்லும் அதை நம்பி, வராத விருந்தாளிக்குக் கதவு கதவாகச் செய்து மாட்டும். ஒரு பொருளே இல்லாமல் அந்தப் பொருளின் சேதி மட்டும் தனியாக ஓட முடியும் என்றால், உணர்வது வேறு, உண்பது வேறு என்றுதானே அர்த்தம். என் லூசின் குடுவையில் இதே பிளவு தலைகீழாக நடந்தது. அங்கே பொருள் இல்லை, ஆனால் அது இல்லை என்ற சேதி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியே ருசி பார்க்கும் வாய் இருந்தால், உள்ளே வயிற்றைத் தடவிப் பார்க்கும் கையும் வேண்டும். அது ஸ்னிஃப்1. மரியன் கார்ல்சனும் டேவிட் பாட்ஸ்டீனும் சக ஆய்வாளர் ஒருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் வெளிச்சத்துக்கு வந்த மரபணு இது. குளுக்கோஸ் குறைந்து ஆற்றல் இருப்பு இறங்கும்போது ஸ்னிஃப்1 விழித்துக்கொள்ளும். குளுக்கோஸ் இருக்கும்வரை மற்ற உணவுகளுக்கான மரபணுக்களை அடக்கி வைத்திருந்த புரதத்தை உட்கருவிலிருந்து வெளியே தள்ளிவிடும். அதன் பிறகுதான் செல் வேறு சர்க்கரையையும், தானே முன்பு கக்கிய ஆல்கஹாலையும் தொடும். ஆமாம், ஈஸ்ட் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை அவசர அவசரமாக ஆல்கஹாலாக்கி வெளியே தள்ளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் கொஞ்ச நேரம் வளர்ச்சியை நிறுத்தி, உள்ளே மொத்த ஏற்பாட்டையும் மாற்றி, அதே ஆல்கஹாலை எடுத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். இந்த மாற்றத்தின்போது ஏறத்தாழ எல்லா மரபணுக்களும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று 1997இல் ஒரே சில்லில் வைத்துப் பார்த்தார்கள். உயிரியலில் மைக்ரோஅரே என்ற கருவிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சோதனைகளில் அது ஒன்று.

நிறைய இருந்தால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. டிபிஎஸ்1 என்ற மரபணுவை நீக்கிய ஈஸ்டைக் குளுக்கோஸில் போட்டால் வளராது. சர்க்கரை இல்லாமல் அல்ல, சர்க்கரையாலேயே முடங்கிப்போகும். குளுக்கோஸை உடைக்கும் வழியில் முதலில் செல் கையிலிருந்து இரண்டு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) போட வேண்டும், அப்புறம்தான் நான்கு திரும்பி வரும். முதல் போட்டு லாபம் எடுக்கிற வியாபாரம். டிபிஎஸ்1 இல்லாத செல்லில் முதல் போடும் பக்கத்துக்கு பிரேக் இல்லை. வரும் சர்க்கரைக்கெல்லாம் ஏடிபியை ஒட்டிக்கொண்டே போகும், பாதிவழிச் சரக்கு மலைபோல் குவியும், பாஸ்பேட் வற்றும், லாபம் வர வேண்டிய பின்பாதி நகராது. 1998இல் பாஸ் டியூசிங்க் உள்ளிட்டோர் இதை டர்போ எஞ்சினின் ஆபத்து என்று வர்ணித்தார்கள். முதல்முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருந்தது. கண்முன்னே எல்லாம் இருந்தும் திவாலாவது என்றால் இதுதான்.

சர்க்கரை மட்டும் போதாது. நைட்ரஜன் வேண்டும், பாஸ்பேட் வேண்டும், கந்தகம் வேண்டும். இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, வளரலாமா என்று தீர்ப்பது யார்? இந்தக் கேள்விக்கு விடை வந்த பாதை, நேராக யோசித்துப் போயிருந்தால் யாருக்கும் கிடைத்திருக்காது.

பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கிளம்பியது. அங்கே அள்ளிவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா, பூஞ்சைகளை வளரவிடாத ஒரு பொருளைச் சுரப்பதை மாண்ட்ரியலில் சுரேந்திர நாத் சேகலும் அவர் சகாக்களும் கண்டுபிடித்து 1975இல் வெளியிட்டார்கள். தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி. மருந்துக்கு ராபமைசின் என்று பெயர் வைத்தார்கள். அது எதைத் தொட்டு வேலை செய்கிறது என்று அப்போது தெரியாது. 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்டை அந்த மருந்தில் போட்டு, எது மட்டும் தப்பிப் பிழைத்து வளர்கிறது என்று தேடினார்கள். தப்பியவற்றில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்த்தபோது கிடைத்தவைதான் டோர்1, டோர்2. ராபமைசினின் இலக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் டோர். ஜெர்மன் மொழியில் டோர் என்றால் வாசல். பாசலில் ஸ்பாலென்டோர் என்று ஒரு பழைய கோட்டை வாசல் இன்றும் நிற்கிறது. வாசல் என்ற பெயர் இந்தப் புரதத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

நானும் ஒருநாள் ராபமைசின் போட்டுப் பார்த்தேன். நன்றாக வளரும் ஈஸ்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரே கல்யாணக் கூட்டம் மாதிரி இருக்கும். பெரும்பாலான செல்களில் ஏதாவது ஒரு மொட்டு, சிறிதும் பெரிதுமாக, ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து போட்டுச் சில மணி நேரம் கழித்து அதே குடுவையிலிருந்து எடுத்துப் பார்த்தால் மொட்டுகளைக் காணோம். உருண்டையான தனித்தனிச் செல்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் வேக்குவோல் என்ற பை ஊதிப் பெரிதாகியிருக்கிறது. குடுவை நிறைய சாப்பாடு. ஆனால் செல்களின் கோலம் பட்டினியின் கோலம். சாப்பாட்டில் கை வைக்காமல், அதைப் பற்றிய செய்தியை மட்டும் அறுத்துவிட்டிருந்தேன்.

நைட்ரஜன் இருக்கிறது, அமினோ அமிலம் இருக்கிறது என்ற செய்தி வரும்வரை டோர் விழித்திருக்கும். ரைபோசோம் கட்டும் வேலை ஓடும். செய்தி நின்றால் கட்டுமானம் நிற்கும், கூடவே இன்னொரு வேலை ஆரம்பமாகும். டோரின் முக்கியமான இருப்பிடம் அந்த வேக்குவோலின் சவ்வு. இது எனக்குப் பிடித்த விவரம். வேக்குவோல்தான் செல்லின் கிடங்கு, அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்கும் இடம். அதுவே குப்பையை அரைக்கும் இடமும். கணக்குப்பிள்ளை கிடங்கு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். குளுக்கோஸை எடுத்துவிட்டால் டோர் அடங்கிய புரதக் கூட்டங்கள் ஒன்றோடொன்று அடுக்கிச் சுருள் குழாயாகி வேலையை நிறுத்திக்கொள்கின்றன என்று 2017இல் தெரியவந்தது. கணக்குப்பிள்ளை பாயைச் சுருட்டிவிட்டார்.

அந்த இன்னொரு வேலையை ஈஸ்டில் முதலில் கண்ணால் பார்த்தவர் யோஷினோரி ஓசுமி. டோக்கியோவில் 1988இல் தனியாக லேப் ஆரம்பித்தபோது, வேக்குவோலில் அரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்து நைட்ரஜன் பட்டினி போட்டார். அரைக்க முடியாவிட்டால் உள்ளே வருவது குவியும், குவிந்தால் தெரியும் என்பது அவர் கணக்கு. சில மணி நேரத்தில் வேக்குவோலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே. செல் தன் சொந்த உடம்பைப் பொட்டலம் கட்டிக் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்கு வேண்டிய மரபணுக்களையும் அவர் ஈஸ்டிலேயே தேடிப் பிடித்தார். 2016இல் நோபல் பரிசு வந்தது. எனக்கு இதில் வியப்பு பரிசு அல்ல. உடைந்த ஈஸ்டை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, தீராத வேலை எப்படி இருக்கும் என்று பார்த்த அந்த யோசனைதான்.

நிறுத்துவதற்கும் ஒரு இடம் இருக்கிறது. லேலண்ட் ஹார்ட்வெல் 1970களில் ஈஸ்டின் பிரிவுச் சுழற்சியை அலசியபோது, மொட்டு விடுவதற்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டார். ஸ்டார்ட் என்று பெயர். அதற்கு முன் என்றால் செல் அப்படியே நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, சுற்றை முடித்தே ஆக வேண்டும். முறையாகப் பட்டினியை உணர்ந்த ஈஸ்ட் கூட்டம் கையிலிருக்கும் பிரிவை முடித்துவிட்டு, ஸ்டார்ட்டுக்கு முன்னால் வந்து வரிசையாக நிற்கும். கிளைக்கோஜன், ட்ரெஹலோஸ் என்று சேமிப்பு, தடித்த சுவர். குளுக்கோஸ் அறவே இல்லாவிட்டால் உள்ளே அமிலத்தன்மை கூடி, செல்லின் குழம்பே இறுகிப்போகும். அந்த நிலையில் வெறும் தண்ணீரில்கூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

சரி, என் குடுவைகளுக்கு வருகிறேன்.

அக்கா சொன்னதற்குப் பின்னால் இருந்த ஆய்வு 2008இல் பிரின்ஸ்டனிலிருந்து வந்தது, மேலே சொன்ன அதே பாட்ஸ்டீனின் குழு. லூசினோ, ஆர்என்ஏவின் ஒரு கூறான யுராசிலோ இல்லாமல் பட்டினி போட்ட ஈஸ்டில் பாதி இரண்டு நாளுக்குள் செத்துவிடுகிறது. அதே ஈஸ்டைப் பாஸ்பேட்டோ சல்பேட்டோ இல்லாமல் பட்டினி போட்டால் பாதி சாக ஏறத்தாழ 10 நாள் ஆகிறது. நான் மூன்று முறை சொதப்பியதாக நினைத்தது, ஏற்கெனவே அச்சில் இருந்த முடிவு.

காரணம் இதுதான். இயற்கையில் இருக்கும் ஈஸ்டுக்கு லூசின் வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. நைட்ரஜனும் சர்க்கரையும் இருந்தால் தானே செய்துகொள்ளும். லேபில் நாங்கள் பயன்படுத்திய ஸ்ட்ரெயினில், அதாவது ஈஸ்ட் வகையில், லூசின் செய்யும் மரபணு ஒன்றை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள், மரபணு வேலைகளுக்கு அடையாளமாக உதவும் என்பதற்காக. அதாவது லூசின் பசி என்பது மனிதன் செய்து கொடுத்த பசி. பாஸ்பேட் இல்லாத மண்ணையும் நீரையும் ஈஸ்டின் முன்னோர்கள் எத்தனையோ கோடி முறை சந்தித்திருப்பார்கள். அதற்கென்று தனி உணர்வி, தனி எச்சரிக்கை, எல்லாம் இருக்கின்றன. லூசின் குறைந்தாலும் ஒரு எச்சரிக்கை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மணி சொல்வது ‘நிறுத்து’ என்றல்ல, ‘இன்னும் நிறைய அமினோ அமிலம் செய்’ என்று. செய்யும் மரபணுவோ இல்லை. அதற்குள் சவ்வில் இருக்கும் ருசி பார்க்கும் வாய்கள் குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கிறது என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கின்றன. செல் சர்க்கரையை எரித்துத் தள்ளுகிறது, ஸ்டார்ட்டில் ஒழுங்காக நிற்பதில்லை, வளராமலேயே செலவழித்துச் சாகிறது. பாஸ்பேட் குடுவையில் அதே குளுக்கோஸ் அவ்வளவாகத் தொடப்படாமல் கிடக்கிறது.

பாடநூல் படங்களில் அம்புக்குறிகளைப் பார்த்தால் செல் என்னவோ கமிட்டி போட்டு விவாதித்து முடிவெடுப்பது மாதிரி இருக்கும். என் பிளேட்டுகளைப் பார்த்தபின் அந்தப் படங்களை நான் பழையபடி பார்க்கவில்லை. அங்கே கமிட்டி ஒன்றும் இல்லை. பழகிய பசிகளுக்குப் பழகிய பதில்கள் இருக்கின்றன, பழகாத பசி வந்தால் எது சத்தமாகக் கத்துகிறதோ அதன் பேச்சு எடுபடுகிறது.

பாட்ஸ்டீன் குழு இன்னொன்றும் செய்திருந்தது. லூசின் பட்டினியில் சாகாமல் தப்பும் செல்களைச் சலித்து எடுத்து, எந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தது. திரும்பத் திரும்பக் கிடைத்தவற்றில் ஒன்று டோர்1. இன்னொன்று பிபிஎம்1. பிபிஎம்1 இல்லாவிட்டால் அந்தச் சாவு கிட்டத்தட்ட முழுவதுமாகவே நின்றுவிடுகிறது, சர்க்கரை வீணாவதும் பெருமளவு குறைகிறது. ‘வளர்’ என்ற செய்தியைக் கடத்தும் கம்பிகளில் ஒன்று அறுந்துபோன செல், அறியாத பசியிலும் பிழைத்துக்கொள்கிறது.

ப்ராஜெக்ட் முடிய மூன்று வாரம் இருந்தது. லேபின் உறைபெட்டியில் பிபிஎம்1 நீக்கிய ஸ்ட்ரெயின் இருக்கிறதா என்று தேடினோம். ஒரு பெட்டியின் மூலையில், பாதி அழிந்த மை எழுத்தோடு, இருந்தது. மூன்றாவது குடுவை ஒன்று வைத்தேன். லூசின் இல்லை, குளுக்கோஸ் தாராளம், எல்லாம் பழையபடி. ஏழாம் நாள் சொட்டு எடுத்துப் பரப்பி, இரண்டு நாள் கழித்து இன்குபேட்டரைத் திறந்தேன். பிளேட்டின் அடியில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தேன். ஐம்பதைத் தாண்டியதும் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “முழுசா எண்ணிட்டுக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.